பதினைந்தே முக்கால் கிலோ

முதல் தடவை அந்தச் சைக்கிளைத் தராசில் தொங்கவிட்டபோது முள் பதினாலு கிலோவுக்குச் சற்று மேலே நின்றது. புளி நிறுக்கிற கொக்கித் தராசு. வாசல் வேப்பமரக் கிளையில் கயிறு போட்டுத் தராசைக் கட்டியிருந்தோம். என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தூக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டு, கையை எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு விட்டால் எடை கூடிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாங்க, ஆட்டைத் தொங்க உட்ட மாதிரி இருக்குது. தோலை உரிச்சிட்டு நிறுங்க, கம்மியா வரும்" என்றேன்.

"உரிக்கத்தான் போறேன்" என்றார்.

சொன்னபடி உரித்தார். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். ஒரு சைக்கிளை எவ்வளவு உரித்தால் அதற்கு மேல் உரிக்க முடியாதோ, அவ்வளவு உரித்து, உரித்த இடத்தில் ஒரு சின்ன மோட்டாரையும் ஒரு பேட்டரியையும் வைத்து, அதைப் பதினாறு கிலோவுக்குள் நிறுத்த வேண்டும். அவர் சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் பிட்டராக இருந்தவர். இரும்பைப் பார்த்தால் அவருக்கு அதன் எடை தெரியும். ஆனால் எடையைக் குறைக்கிற வேலை அவருக்கும் புதுசு. ஆலையில் எல்லாம் கனமாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால்தான் ஆடாது.

பதினாறு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அதற்கு முந்தின வருஷம் அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்து வந்ததே பெரிய காரியம். ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போது டாக்டர், மேடு ஏறக் கூடாது, எடை தூக்கக் கூடாது என்று சொன்னார். இவர் விடவில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றார் டாக்டர். வெளியே வந்து வேப்பமரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் சொன்னார்: "ஒரு குடம் பதினாறு கிலோ வரும். அது கூடாதுன்னாரு. அப்ப பதினாறுக்குக் கீழ இருந்தா கூடும்னுதான அர்த்தம்?" டாக்டர் சொன்ன வார்த்தையை இப்படிக்கூட வளைக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

விளையாட்டு இல்லை. அவர் மலைக்குப் போக வேண்டும். மலையில் எங்கள் மகளின் கல்லறை இருக்கிறது.

எங்களுக்கு ஒரே மகள். நர்சுக்குப் படித்து, கல்வராயன் மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலைக்குப் போனாள். இரண்டு வருஷத்தில் மாற்றல் வாங்கிக் கீழே வருவாள் என்று நான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கேயே ஒரு மலைக்காரரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். மரவள்ளிக் கிழங்கும் சாமையும் போடுகிற குடும்பம். எங்களைப் போல மாதா கோயில்காரர்கள்தான், வேதம் ஒன்றுதான். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. கரும்பும் நெல்லும் விளைகிற தண்ணீர்க் காட்டில் பிறந்த பெண் மேட்டுக்குப் போய்க் கிழங்கு நடுவதா என்றேன். சொல்லக் கூடாத வார்த்தையும் சொன்னேன். கல்யாணத்துக்கு அவர் போனார். நான் போகவில்லை.

நாலாம் வருஷம் ஐப்பசி அடைமழையில் அவளுக்கு மூளைக் காய்ச்சல் வந்து இரண்டே நாளில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. சேதி வந்தபோது, கீழே கொண்டு வாருங்கள், நான் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கட்டினவனுக்கு உரிமை உண்டு என்று மலையிலேயே அடக்கம் பண்ணினார்கள். அதை நான் எனக்குச் செய்த அவமரியாதையாக எடுத்துக்கொண்டேன். முட்டி வலி என்று சொல்லி அடக்கத்துக்கும் போகவில்லை. முட்டி வலித்தது உண்மைதான். போகாமல் இருந்தது முட்டியால் இல்லை.

அதன் பிறகு ஏழு வருஷம், மாதம் தவறாமல் அவர் மட்டும் போய் வந்தார். கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி, அணையைத் தாண்டி, வெள்ளிமலை போகிற ரோட்டில் ஒரு திருப்பத்தில் இறங்குவார். அங்கிருந்து மண் பாதை. இரண்டு ஓடை, இரண்டாவதைத் தாண்டினால் படிபோல அடுக்கிக் கிடக்கிற பாறை. ஜீப்பு முதல் ஓடையோடு நின்றுவிடும். மீதி ஏற்றமெல்லாம் நடைதான். போய்விட்டு வந்தால் என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். அவர் பையில் ஒரு சீப்பு மலை வாழைப்பழம் இருக்கும். மருமகன் கொடுத்தது என்று தெரியும். சாப்பிடுவேன், யார் கொடுத்தது என்று கேட்க மாட்டேன்.

மாரடைப்புக்குப் பிறகு அந்தப் போக்குவரத்து நின்றது. மருமகன் போனில் பேசி, ஓடை வரைக்கும் ஜீப்பில் வாருங்கள், அங்கிருந்து நாலு பேர் வந்து டோலி கட்டித் தூக்கிப் போகிறோம் என்றாராம். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. சுமக்கப்பட்டு மகளைப் பார்க்கப் போக மாட்டேன் என்றார். பக்கத்து வீட்டு மொபெட்டைக் கேட்டுப் பார்க்கலாமே என்றால், பாறையில் அதைத் தூக்கிப் போட நாலு ஆள் வேண்டும். அப்படியெல்லாம் யோசித்துத்தான் இந்தச் சைக்கிளுக்கு வந்தார். ஏற்றத்தில் மோட்டார் இழுக்க வேண்டும், ஓடையிலும் பாறையிலும் தாமே தோளில் போட்டுக்கொள்கிற மாதிரி எடை இருக்க வேண்டும். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள், அதற்குள் முடிக்க வேண்டும்.

சைக்கிளைக் கள்ளக்குறிச்சியில் ஒரு காலேஜ் வாத்தியாரிடம் பழசாக வாங்கினார். கியர் வைத்தது, முரட்டு டயர், அலுமினிய பிரேம். மலைப் பாதைக்கென்றே செய்த ரகமாம். வாத்தியார் அதை மாடிப்படிக்குக் கீழேயே நிறுத்தி வைத்திருந்தார், டயரில் பூ கூட அழியவில்லை.

ஸ்டாண்டு போயிற்று. மட்கார்டு போயிற்று. பெடல் பக்கத்தில் மூன்று பல்சக்கரம் இருந்தது, இரண்டைக் கழற்றினார். சீட்டுக்குக் கீழே இருந்த இரும்புத் தண்டை எடுத்துவிட்டு, லேத்துப் பட்டறையில் அலுமினியக் குழாய் கடைந்து போட்டார். ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் இரண்டு விரற்கடை அறுத்தார். லேத்துக்காரர் கிண்டல் பண்ணுவாராம், "பெரியவரே, இப்படியே செதுக்கினு போனா கடைசீல மணி மட்டும்தான் மிஞ்சும்" என்று. "மணியத்தான் மொதல்ல கழட்டிட்டேன்" என்று இவர் சொன்னாராம். வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தார். மாரடைப்புக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பின் சக்கரத்தின் நடுவில் மோட்டார் வந்தது. தேங்காய் அளவு இருக்கும். அது மெட்ராஸில் இருந்து பார்சலில் வந்தது. பேட்டரியை மட்டும் வாங்கக் கூடாது, வாங்கினால் நாலு கிலோ வரும், நாமே கட்டினால் இரண்டுக்குள் முடிக்கலாம் என்றார். செல்போன் ரிப்பேர் கடையில் இருந்து பழைய லேப்டாப் பேட்டரிகளைக் கொண்டு வந்து உடைத்தார். உள்ளே கட்டைவிரல் பருமனில் உருளை உருளையாகச் செல் இருந்தது. அதில் நல்லது எது, தளர்ந்தது எது என்று பிரிக்க வேண்டும். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்.

நான் மூணாம் வகுப்போடு நின்றவள். ஜெபப் புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எண்கள் என்னை ஏமாற்றாது. மீட்டரின் இரண்டு கம்பியைச் செல்லின் இரண்டு முனையில் வைத்தால் எண் வரும். முழுக்கச் சார்ஜ் ஏற்றின அன்றைக்கு நல்லதும் கெட்டதும் ஒரே எண்ணைத்தான் காட்டும். மனுஷர்களைப் போலத்தான். ஒரு வாரம் சும்மா வைத்துவிட்டு மறுபடி பார்த்தால், நல்லது அப்படியே நிற்கும், தளர்ந்தது இறங்கியிருக்கும். நான் முட்டை அட்டைகளில் செல்களை நிறுத்தி வைத்தேன். ஒரு அட்டைக்கு முப்பது. இறங்கினதற்கெல்லாம் நகப்பாலீஷில் சிவப்புப் புள்ளி வைத்துத் தனி அட்டைக்கு மாற்றினேன். ஒரு மாதம் போல அந்த வேலை நடந்தது. அவர் வந்து எட்டிப் பார்ப்பார். நாலைந்தை எடுத்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஒருநாள், "நீ அடுக்கிட்டா நான் திருப்பிப் பாக்கத் தேவையில்ல" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பேட்டரியின் சூட்சுமத்தையும் அவர்தான் எனக்குச் சொன்னார். மூன்று மூன்றாகப் பத்து வரிசை. பத்து வரிசைக்கும் சேர்த்துக் காவலுக்கு ஒரு சின்னப் பலகை. அதில் எந்த வரிசை சோர்ந்தாலும் அந்தக் காவல்காரன் மொத்தக் கதவையும் சாத்திவிடுவான். ஒன்பது வரிசை தெம்பாக இருந்தும் பிரயோசனம் இல்லை. "ஒரு வரிசை சோந்தா போதும், வண்டி நின்னுடும். அதனாலதான் உன்னாண்ட குடுத்தேன்" என்றார்.

அந்தப் பேச்சு என் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர் போவது எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் அவர் நெஞ்சுக்காகத்தான் பயந்தேன். ஐப்பசி மழை, வழுக்குப் பாறை, தனியாகப் போகிற கிழவர். நாலு தடவை சொன்னேன், கேட்கவில்லை. இந்தப் பயம் உண்மை. ஆனால் அது மட்டும்தான் என்று சொன்னால் பொய். அவர் போகாமல் இருந்த அந்த ஒரு வருஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் போகும்போதெல்லாம் நான் போகாதவள். அவரும் போகாமல் வீட்டில் இருந்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒன்று. இதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட.

செல்களைப் பத்து வரிசையாகச் சட்டத்தில் அடுக்கி வைக்கச் சொல்லிவிட்டு அவர் லேத்துப் பட்டறைக்குப் போயிருந்தார். வந்ததும் தகடு வைத்துப் பற்றவைப்பதாகச் சொன்னார். பகல் பதினொரு மணி இருக்கும். ஒன்பது வரிசையை ஒழுங்காக அடுக்கினேன். பத்தாவது வரிசைக்குச் சிவப்புப் புள்ளி வைத்ததில் இருந்து மூன்று எடுத்தேன். புள்ளியை நகத்தால் சுரண்டினேன். முந்தின நாள்தான் எல்லாவற்றுக்கும் சார்ஜ் ஏற்றியிருந்தது, மீட்டர் வைத்தாலும் தெரியாது. என் கணக்கு இதுதான்: சமவெளியில் ஓடும், மேட்டில் பாரம் ஏறினதும் நிற்கும். பஸ் இறங்கின முதல் ஏற்றத்திலேயே நின்றுவிடும். திரும்பி அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவார். அதோடு ஆசை விடும்.

அவர் வந்து, உட்கார்ந்து, நான் அடுக்கினதைத் தம் கையாலேயே பற்றவைத்தார். திருப்பிப் பார்க்கவில்லை.

பேட்டரியைப் பிரேமின் முக்கோணத்துக்குள் வைத்து, பழைய டியூப் ரப்பரால் சுற்றி, பட்டை போட்டு நட்டு முடுக்கினார். மறுபடி வேப்பமரத்தில் தொங்கவிட்டோம். பதினைந்தே முக்கால். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அணை வரைக்கும் ஓட்டிப் போய் வந்தார். மேடு பள்ளம் இல்லாத ரோடு, வாய்க்கால் ஓரம், இரண்டு பக்கமும் கரும்பு. வண்டி சத்தமே போடாமல் போயிற்று. "காத்து தள்ற மாதிரி இருக்குது" என்றார்.

கல்லறைத் திருநாள் அன்றைக்குக் காலையில் மெழுகுவத்தி, சம்பங்கி மாலை, ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டார். ஸ்பேனர்ப் பையைக் கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார். அது முக்கால் கிலோ, வேண்டாம் என்று வீட்டிலேயே வைத்துவிட்டார். நான் பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். கண்டக்டர் சைக்கிளை ஏற்ற முடியாது என்றார். இவர் ஒரு கையால் தூக்கிக் காட்டினார். "இன்னா பெரியவரே, அட்டையில செஞ்சதா?" என்று கண்டக்டர் சிரித்துக்கொண்டே பின் சீட்டில் சாய்த்துக்கொள்ள விட்டார். பஸ் புறப்படும்போது இவர் என்னைப் பார்த்து, நீயும் வாயேன் என்று வாய் திறக்கப் போனார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிடுவார் என்று அவருக்கும் சேர்த்து உலை வைத்தேன். வரவில்லை. மூன்று பஸ் வந்தது. எதிலும் இல்லை. பொழுது சாயும்போது மருமகனிடம் இருந்து போன் வந்தது. மாமாவை ஜீப்பில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போகிறோம், நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்றார்.

ஜீப்பில் வரும்போது மாமா விட்டு விட்டுச் சொன்னதை வைத்து, நடந்ததை ஆஸ்பத்திரி வராந்தாவில் மருமகன் சொன்னார். கல்யாணம் ஆனதில் இருந்து அன்றைக்குத்தான் நாங்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுகிறோம். வண்டி முதல் ஏற்றத்தில் நின்றிருக்கிறது. இவர் ஒரு கல்லில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்திருக்கிறார். பிறகு சுவிட்சைப் போட்டால் வண்டி எடுத்திருக்கிறது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றிருக்கிறது. மறுபடி உட்கார்ந்திருக்கிறார், மறுபடி எடுத்திருக்கிறது.

அப்போதுதான் என் தப்பு எனக்குப் புரிந்தது. தளர்ந்த செல் செத்த செல் இல்லை. ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் எழுந்து நிற்கும். அதை நான் யோசிக்கவில்லை. ஒரேயடியாக நின்றிருந்தால் அவர் திரும்பியிருப்பார். அது நின்று நின்று, எழுந்து எழுந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவரைப் பாதி மலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் ஓடைக்கு முன்னால் முழுசாக நின்றபோது, திரும்பினாலும் அதே தூரம், போனாலும் அதே தூரம். தோளில் தூக்கி ஓடையைத் தாண்டினார், பிறகு தள்ளினார். பாறையில் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். கல்லறைக்குப் போய்ச் சேர்ந்து, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார். அதன் பிறகுதான் சாய்ந்திருக்கிறார்.

"எதுக்கு அதைத் தூக்கினு போனாரு? போட்டுட்டுப் போயிருக்கலாமே" என்று கேட்டேன்.

மருமகனுக்குத் தெரியவில்லை. "நாங்க கோயில்ல இருந்தோம்ங்க. பாத்திருந்தா உட்டிருப்பனா அத்தே?" என்றார். அத்தை என்று அவர் கூப்பிட்டதும் அன்றைக்குத்தான்.

பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டிலை விட்டு எழுந்திருக்கக் கூடாது. சைக்கிளை மருமகன் மலையில் இருந்து கொண்டு வந்து கட்டிலுக்கு எதிரே சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். இவர் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஒரு வாரம் கழித்து, நட்டைக் கழற்றிப் பேட்டரியை எடுத்து வா என்றார். நான் வேண்டாம் என்றேன். எடுத்து வா என்றார் மறுபடியும். அவர் மடியில் பழைய துண்டை விரித்து வைத்தேன். ரப்பரைப் பிரித்து, வரிசை வரிசையாக மீட்டர் வைத்தார். பத்தாவது வரிசைக்கு வந்ததும் தகட்டை வெட்டி மூன்று செல்லையும் தனியாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சுரண்டின இடத்தில் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருந்தது.

"ஒண்ணு தப்பி வந்திருந்தா சரின்னு உட்டுடலாம். மூணும் ஒரே வரிசைல எப்படி ஒக்காந்துச்சி?"

"நான்தான் வச்சேன்" என்றேன்.

வெளியே கரும்பு வண்டி ஒன்று போயிற்று. மூன்று செல்லையும் துண்டின் மேல் வரிசையாக நிறுத்தினார்.

"நல்ல எடமாப் பாத்துத்தான் வச்சிருக்க" என்றார். பிறகு, "மிச்சம் இருந்த நல்ல செல்லு எங்க இருக்குது?" என்றார்.

முட்டை அட்டையோடு கொண்டு வந்து கொடுத்தேன். மூன்றை எடுத்தார். நான் தகட்டைப் பிடித்துக்கொள்ள, அவர் பற்றவைத்தார். மூடி, சுற்றி, பழையபடி வண்டியில் மாட்டச் சொன்னார். சுவிட்சைப் போடச் சொன்னார். பின் சக்கரம் சுற்றியது. "இப்ப ஏறும்" என்றார்.

ஏன் வைத்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்பார் என்று நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். உங்கள் நெஞ்சுக்குப் பயந்து வைத்தேன் என்று சொல்லியிருப்பேன். பாதிப் பொய்யாவது சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கலாம். அதையும் அவர் கொடுக்கவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தார், மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொண்டார். என் மேல் கோபமாக ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு நான் அழுதிருப்பேன். கிறிஸ்மஸ் கழிந்து மூன்றாம் நாள் காலையில், பல் விளக்கத் தண்ணீர் கொண்டு போனபோது போய்விட்டிருந்தார்.

அடக்கத்தில் பங்குச் சாமியார் பிரசங்கம் வைத்தார். இருதயம் பலவீனப்பட்ட ஒரு தகப்பன் வண்டியைத் தோளில் சுமந்து மகள் கல்லறைக்குப் போனதைச் சொன்னார். சனங்கள் அழுதார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறாய் என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். இன்றைக்கும் தெருவில் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் தூரம் கொஞ்சம் கூடுகிறது, பாறை கொஞ்சம் உயருகிறது. அவர் சுமந்தது ஏன் என்பது மட்டும் எந்தக் கதையிலும் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு இடத்தில் சாய்த்துவிட்டு வெறுங்கையோடு நடந்திருந்தால், ஒருவேளை, ஒருவேளை என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. பேட்டரி கெட்டுப்போகும் என்று பயந்திருந்தால் அதை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருப்பார். கழற்ற ஸ்பேனர் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அதற்காகவா ஒரு மனுஷன் உயிரைக் கொடுப்பான்?

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு நான் மருமகனுக்குப் போன் பண்ணி, வருகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை, இரண்டு தடவை கேட்டார். முதல் ஓடை வரைக்கும் ஜீப்பில் போனேன். டோலி கட்டவா என்றார். வேண்டாம், நடக்கிறேன் என்றேன். நூறடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் அனலாக எரிந்தது. எங்கே நின்றது என்று கேட்டேன். இரண்டாம் ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பலாமரத்தைக் காட்டினார். அதன் பக்கத்தில் மரவள்ளிக் கொல்லையில் ஒரு பெண் களை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு வந்தாள்.

"நீங்க அந்தச் சைக்கிள்காரரு வூட்டு ஆயாவா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"நாந்தான் அன்னிக்கி இங்க இருந்தேன் ஆயா. இங்கயே சாச்சிட்டுப் போங்க, எவன் எடுக்கப் போறான், அப்பறமா ஆள உட்டு எடுத்துக்கலாம்னு தலப்பாடா அடிச்சிக்கினேன். கேக்கல."

"இன்னா சொன்னாரு?"

"மழ வருதும்மா, உள்ள பேட்டரி நனஞ்சிடும்னாரு. நனஞ்சா நனையட்டும், வேற வாங்கிக்கினா போச்சின்னேன். சிரிச்சாரு. 'வேற வாங்கலாம். இது வூட்டுல அவ ஒரு மாசம் ஒக்காந்து ஒவ்வொண்ணா பொறுக்கி அடுக்கினது. மக வூட்டுக்கு அவதான் வரல. இதாவது வந்து சேரட்டும்'னு சொல்லிட்டு, எடுத்துத் தோள்ல போட்டுக்கினாரு."

அவள் பாட்டுக்கு இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மருமகன் அந்தப் பக்கம் திரும்பி ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பலாமரத்தின் வேரில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூறல் போட ஆரம்பித்ததும் மருமகன் வந்து கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஓடையைத் தாண்டினோம். பாறைக்குப் பக்கத்தில் வந்ததும், கையை விட்டுவிட்டு நான் தனியாக ஏறினேன். நாலு இடத்தில் கையை ஊன்றித் தவழ்ந்துதான் ஏறினேன்.

கல்லறைகள் ஒரு மேட்டில், சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே இருக்கின்றன. எங்கள் மகளுடையது ஓரத்தில். சிமெண்டு பூசி, புதுசாக வெள்ளையடித்திருந்தது. பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் சுண்ணாம்பு படாமல் கருப்பாக ஒரு கறை தெரிந்தது. இது இன்னா என்று கேட்டேன்.

"மாமா அன்னிக்கி வண்டிய இதுலதான் சாச்சி வச்சிருந்தாரு. சங்கிலி மை. வெள்ளையடிக்கறப்ப அந்த எடத்த உட்டுட்டேன் அத்தே" என்றார் மருமகன்.

குனிந்து அதைத் தொட்டேன். என் மகளின் கல்லறையில் நான் முதன்முதலாகக் கை வைத்த இடம் அதுதான்.